பிணைக் கையெழுத்து

தவமலர் வேலை கேட்டுப் போன முதல் நாளே முதலாளி யாரென்று தெரியாமல் ஆளை மாற்றிக் கும்பிட்டுவிட்டாள்.

எண்பத்தாறாம் ஆண்டு, மாசிக் குளிர். மோர்டன் பாதாள ரயில் நிலையத்தடியில், பஸ்கள் திரும்புகிற இடத்துக்குப் பக்கத்தில் அந்தச் சாப்பாட்டுக் கடை இருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது இரண்டு பேரைக் கண்டாள். கல்லாவடியில் உயரமான வெள்ளைக்காரி ஒருத்தி சிகரெட்டும் கையுமாக இருந்து பேப்பரில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். குசினி வாசலில், எங்கள் ஊர் நிறத்துக்குக் கிட்ட வரக்கூடிய ஒரு கட்டை மனிதர் முழங்காலில் நின்று, அடைபட்ட தண்ணீர்க் கானுக்குள் கையை விட்டுச் சகதி அள்ளிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதில் என்ன சந்தேகம் வரும்? வெள்ளைக்காரி கதிரையில் குந்தியிருக்கிறாள், மற்றவர் கான் துப்புரவாக்குகிறார். தவமலர் நேரே கல்லாவடிக்குப் போய் இரண்டு கையும் கூப்பிக் கும்பிட்டு, வழி முழுக்கப் பாடமாக்கி வந்த ஒற்றை இங்கிலீஷ் வசனத்தை ஒப்புவித்தாள்.

வெள்ளைக்காரி சிகரெட்டை அணைத்தாள். இவளை மேலும் கீழும் பார்த்தாள். நாளைக்குக் காலை ஆறு மணிக்கு வா, குதி உயராத தட்டையான சப்பாத்துப் போட்டுக்கொண்டு வா என்றாள். கானடியில் நின்றவர் சகதிக் கையோடு எழும்பி, முதலாளியம்மாவே வேலை கொடுத்த பிறகு தான் என்ன சொல்வது என்று தோளைக் குலுக்கினார். அவர்தான் கடைக்காரர் புரூனோ, இத்தாலிக்காரர் என்பதும், வெள்ளைக்காரி மொரீன் இருபது வருடமாக அங்கே தேநீர் ஊற்றுகிற சம்பளக்காரி என்பதும் மறுநாள்தான் தவமலருக்குத் தெரிந்தது. வெட்கத்தில் உயிர் போயிற்று. புரூனோ ஒரு மாதம் முழுக்க, வருகிற பஸ் சாரதிகளுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்லி, மொரீனை மேடம் என்று கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கடை விடியுமுன் திறக்கும். முதலில் சாரதிகள், பிறகு கராஜ்காரர், பிறகு சுண்ணாம்பும் சீமெந்துமாகக் கட்டட வேலைக்காரர். எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சாப்பாடு. பொரித்த முட்டை, பேக்கன், சோசேச், டின் பீன்ஸ், வாட்டிய பாண், கறுக்கக் கறுக்கத் தேநீர். தவமலர் செவ்வாய் வெள்ளியில் மச்ச மாமிசம் தொடாதவள். பன்றிக் கொழுப்புப் புகையை முதல் கிழமை மூக்கால் இழுக்காமல் வாயால் மூச்சு விட்டுச் சமாளித்தாள். வேலை முடிந்து போனதும் தலைமுழுகுவாள். குளிருக்குள் தினமும் தலைமுழுகித் தடிமன் பிடித்துப் படுத்த பிறகு அந்த ஆசாரம் தானாகவே கழன்றுவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் பேக்கனை மொரீன் பார்த்துக்கொள்வாள். ஏன் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

வேலை பழக்கியதும் அவள்தான். முட்டையின் ஓரம் தானாகக் கிளம்புகிறவரைக்கும் அகப்பையைக் கொண்டு போகாதே என்பாள். பெரிய இரும்புத் தட்டு அடுப்பைச் சூடு இருக்கும்போதே சுரண்டிவிடு, ஆறினால் உன்பாடு என்பாள். இரண்டாம் தரம் டார்லிங் என்று கூப்பிடுகிறவனுக்குத் தேநீரை ஆற வைத்துக் கொடு என்பதும் அவளுடைய பாடம்தான். தவமலரின் மகளுக்குக் கொப்பளிப்பான் அம்மை போட்டபோது இரண்டு பேர் வேலையையும் ஒருத்தியாக நின்று இழுத்தாள். திரும்பி வந்த அன்று, பிள்ளைக்குச் சுகமா என்று கேட்டதோடு சரி.

தவமலரின் கணவன் சிவானந்தன் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தான். சாதுவான மனிதன். அவனுக்கு ஒரே தமையன், பத்மநாதன். அறுபதுகளிலேயே வந்து கணக்காளராகி, சட்டனில் சொந்த வீடு வாங்கி, தம்பி குடும்பத்தையும் கூப்பிட்டு எடுத்தவர். தவமலர் அவரைப் பெரியத்தான் என்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் புட்டும் மீன்குழம்பும் சாப்பிட வருவார். சாப்பிட்டுக்கொண்டே, குழம்புக் கையாலேயே விரல் மடக்கி உலகத்துச் சனங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது அவருக்குப் பிடித்த வேலை.

"பாரும் பிள்ளை," என்று தொடங்குவார். "இத்தாலிக்காரன் செங்கல் சூளைக்குக் கூலியா வந்தவன். இண்டைக்குக் கடை. போலந்துக்காரன் சண்டை முடிய உடுத்த உடுப்போட நிண்டவன். இண்டைக்குச் சொந்த வீடு. சைப்பிரஸ்காரன் ஒரு தையல் மெசினோட வந்தவன். எல்லாரும் வெள்ளைதான். ஆனா இஞ்சயே பிறந்த இங்கிலீஸ்காரன்? பேத்தியார் இருந்த கவுன்சில் வாடகை வீட்டில பேரன் கிடக்கிறான். பெனிபிட் காசு குடுத்துக் குடுத்துச் சோம்பேறி ஆக்கிப்போட்டாங்கள். நாங்கள் ஆரைப் பாத்துப் படிக்கோணும் எண்டு யோசியும்."

சிவானந்தன் தலையாட்டுவான். தவமலரும் தலையாட்டினாள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கண்ணால் கண்டதும் அப்படித்தானே இருந்தது. புரூனோவுக்குச் சீம் என்ற இடத்தில் தோட்டத்தோடு வீடு. மகன் பல் வைத்தியர், மகள் வங்கியில். மொரீனோ செயின்ட் ஹெலியர் கவுன்சில் குடியிருப்பில், தான் பிறந்த அதே வீட்டில் இருந்தாள். தகப்பனும் புருஷனும் மகனும் மிட்சம் பக்கத்துப் பெயின்ற் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர்கள். தொழிற்சாலை மூடியது. புருஷன் நெஞ்சுச்சளியோடு போய்ச் சேர்ந்தான். மகன் டெரி வேலையில்லாக் காசில் இருந்தான். பெரியத்தானுடைய அலுவலகத்து முதலாளியும் இங்கிலீஷ்காரர்தான், பெரிய மாளிகைக்காரர். அவரைப் பெரியத்தான் எந்த விரலிலும் சேர்ப்பதில்லை. இதைத் தவமலர் கவனித்திருந்தாள், ஆனால் வாயைத் திறந்ததில்லை.

தொண்ணூறாம் ஆண்டு தை மாதம் ஒரு பெரும் புயல் அடித்தது. பட்டப்பகலில் காற்று ஊளையிட்டுக்கொண்டு வந்து மரங்களை வேரோடு சாய்த்தது. கடைக்கு மேலே இருந்து ஓடுகள் பறந்து வந்து முன்கண்ணாடியைச் சுக்குநூறாக்கின. மொரீனும் தவமலரும் மேசைகளைப் பின்னுக்குத் தள்ளி, சாரதிகள் இருவரைப் பிடித்துப் பலகை அறைவித்து, பின்னேரம் முழுக்கக் கண்ணாடித் துண்டு பொறுக்கினார்கள். புரூனோ ஒரு கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு முதுகு நிமிர்த்த முடியாத வருத்தம். கடைசியில், இத்தோடு போதும், கோடையோடு ஊருக்குப் போகப் போகிறேன் என்றார்.

மறுநாள் தவமலரைத் தனியே கூப்பிட்டார். கட்டடத்துக்காரரின் ஏஜென்ட் கடைக் குத்தகை லீஸைப் புது ஆளுக்கு மாற்றித் தரச் சம்மதம் என்கிறான், ஆனால் சொந்த வீடு உள்ள ஒருவர் பிணைக் கையெழுத்து வைக்க வேண்டும், உனக்குத்தான் சட்டனில் ஆள் இருக்கிறாரே, நீ எடு என்றார். தவமலருக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. நாலு வருடமாக அவளும் சிவானந்தனும் ஒருவர் வர மற்றவர் போக, வாசலில் மட்டும் சந்தித்துக்கொள்கிற சீவியம். சொந்தமாக ஒரு கடை இருந்தால் பிள்ளைகள் இரண்டோடும் நான்கு பேரும் ஒரே நேரத்தில் சாப்பிடலாம். அவளுடைய ஆசை அவ்வளவுதான்.

ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஏன் மொரீனுக்குக் கொடுக்கவில்லை? புரூனோ கேள்வியே புரியாதவர்போல் பார்த்தார். அவள் கேட்கவில்லையே என்றார். பிறகு யோசித்து, கேட்டாலும் அவளுக்கு யார் கையெழுத்து வைப்பார்கள் என்றார். தனக்கு இந்தக் கடை எப்படி வந்தது என்று அப்போதுதான் சொன்னார். செங்கல் சூளையில் முதுகு முறிந்துகொண்டிருந்தவரை மச்சான்காரர் வந்து இழுத்துக்கொண்டு போய், ஏஜென்டுக்கு முன்னால் இருத்தி, தன்னுடைய கடையைப் பிணை வைத்துக் கையெழுத்துப் போட்டாராம். தான் அன்றைக்கு வாயே திறக்கவில்லை, இங்கிலீஷும் தெரியாது என்று சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பெரியத்தானிடம் சொன்னபோது மனிதர் பூரித்துப்போனார். கையெழுத்துத்தானே, நாளைக்கே வைக்கிறேன் என்றார். கை கழுவிவிட்டு வந்து இருந்தபின்தான் நிபந்தனையைச் சொன்னார். அந்த இங்கிலீஷ்காரியை நிறுத்த வேண்டும். வயசும் போய்விட்டது, பழைய சம்பளம் வேறு. தன் மனைவியின் சித்தப்பா மகள் செல்வமலர் வேலையில்லாமல் இருக்கிறாள், நம்முடைய ஆள், அவளை எடுக்கலாம்.

தவமலர் எழும்பினாள். பாத்திரங்களை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். சிவானந்தன் பின்னால் வந்து நின்றான்.

"அண்ணை சொல்லுறதிலயும் ஞாயம் இருக்கு," என்றான் மெதுவாக. "அவர் இல்லாட்டி எங்களுக்கு ஆர் வைப்பினம்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறன்," என்றாள் தவமலர். "எங்களுக்கு அவர் இருக்கிறார். புரூனோவுக்கு மச்சான் இருந்தவர். மொரீனுக்கு ஆர் இருக்கினம் எண்டு நாங்கள் ஒருநாளும் கேக்கேல்லையே. இது அவையின்ர நாடு, அவைக்கென்ன குறை எண்டு இருந்திட்டம்."

அந்தக் கிழமை முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. முட்டையைத் தீய்த்தாள், பீன்ஸைச் சிந்தினாள். மொரீன் பக்கத்தில் நின்று துடைத்தாள். அவளுக்கு விஷயம் தெரிந்திருந்தது. எல்லாவற்றையும் சாரதிகள் காதோடு காதாகக் கொண்டு வருவார்கள். அவள் கோபித்துக் கத்தியிருந்தால் தவமலருக்குச் சுகமாக இருந்திருக்கும். அவளோ, புது அடுப்பு வாங்கும்போது இடக்கைப் பக்கம் கைபிடி உள்ளதாகப் பார்த்து வாங்கு என்று புத்தி சொன்னாள்.

சனிக்கிழமை கடை பூட்டியதும் தவமலர் மழைக்குள் குடையைப் பிடித்துக்கொண்டு செயின்ட் ஹெலியருக்கு நடந்து போனாள். நாலு வருடத்தில் முதல் முறை. ஒரே மாதிரிச் செங்கல் வீடுகள், ஒரே மாதிரி வேலிச் செடிகள். மொரீனின் வீட்டுக்குள் தளபாடம் பழசு. ஆனால் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு துப்புரவு. டெரி சமையலறையில் அலுமாரிக் கதவைக் கழற்றி வைத்துத் திருத்திக்கொண்டிருந்தான். பகல் முழுக்க யாரோ ஒரு கிழவியின் வீட்டில் குழாய் பூட்டிவிட்டு வந்தவனாம், காசுக்கு இல்லை. பெரியத்தான் சொன்ன சோம்பேறி இவன்தானா என்று தவமலருக்குள் ஒரு எண்ணம் ஓடியது.

தேநீர் வந்தது. சுற்றி வளைக்க அவளிடம் அவ்வளவு இங்கிலீஷ் இல்லை. நீ ஏன் கடையைக் கேட்கவில்லை என்று நேரே கேட்டாள்.

மொரீன் கோப்பையைக் கீழே வைத்தாள். அவள் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"எங்கள் குடும்பத்தில் யாரும் எதையும் கேட்டதில்லை, தவா. வாடகையை நேரத்துக்குக் கட்டு, தலையைக் குனிந்து நட, உனக்குரியது இல்லாததுக்குக் கை நீட்டாதே. அப்பா சொன்னது இதுதான். கடை எடுக்கிறவர்கள் வேறு ஆட்கள் என்று நினைத்திருந்தேன். புரூனோவின் முறை முடிந்தது, இனி உன் முறை. எனக்கு முறை இருக்கிறதென்று யாரும் சொல்லவில்லை."

தவமலருக்கு ஆத்திரம் வந்தது. மொரீன்மேல் இல்லை. யார்மேல் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இருபத்துநாலு வருடம் ஒரு கடையைத் தாங்கி நின்றவள், நேற்று வந்த தனக்கு அடுப்பின் கைபிடி எந்தப் பக்கம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வெளியே போக ஆயத்தமாக இருக்கிறாள். அதைச் சோம்பல் என்று ஞாயிறுதோறும் புட்டோடு சேர்த்து விழுங்கியிருக்கிறோமே என்று அவளுக்கு உடம்பு கூசியது.

"திங்கட்கிழமை என்னோடு ஏஜென்டிடம் வா," என்றாள். "இரண்டு பேரும் கேட்போம். என் பேரும் உன் பேரும்."

மொரீன் வேண்டாம் என்றாள். பயமாக இருக்கிறது என்றாள். எனக்கும் பயம்தான், அதனால்தான் இரண்டு பேர் என்றாள் தவமலர். அலுமாரிக் கதவோடு நின்ற டெரி திரும்பிப் பார்த்து, போ அம்மா என்றான்.

ஏஜென்ட் வயதான மனிதர். தவமலரைக் கண்டதும் பிணைக்காரர் எங்கே என்றுதான் முதலில் கேட்டார். பின்னால் வந்த மொரீனைக் கண்டு எழும்பிக் கதிரை காட்டினார். தவமலர் எதிர்பாராதது அதுதான். காலாண்டுதோறும் கடை வாடகையை உறையில் போட்டு அவரிடம் கொண்டுவந்து கொடுத்தவள் மொரீன். புரூனோவுக்கு அடுப்பை விட்டு வர நேரமிருந்ததில்லை. ஒரு தவணை பிந்தியதில்லை என்று ஏஜென்டே சொன்னார். ஆனாலும் பிணையில்லாமல் எப்படி என்று இழுத்தார். தவமலர் எழும்பவில்லை. பத்து வருட லீஸ் வேண்டாம், குறைந்த காலத்துக்குத் தாருங்கள், சரி வராவிட்டால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். இவர் கொண்டுவந்த உறைகளை இத்தனை வருடம் நம்பினீர்கள்தானே என்றாள். வசனம் பிழை, வேகம் சரி. மொரீன் அதுவரை மடியில் கையைக் கோத்துக்கொண்டு இருந்தவள், தொண்டையைச் செருமி, எனக்கும் இந்தக் கடை வேண்டும் என்றாள். சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டுப்போனாள்.

கட்டடத்துக்காரரைக் கேட்டு இரண்டு கிழமையில் பதில் வந்தது. மூன்று வருட லீஸ், இருவர் பேரிலும்.

பெரியத்தானிடம் தானே சொல்வதென்று தவமலர் சட்டனுக்குப் போனாள். சிவானந்தனும் கூடப் போனான். பயந்து பயந்து போனாலும் போனான். பத்மநாதன் முழுவதையும் கேட்டார். அவருடைய முகம் சுண்டிப்போயிற்று.

"ஏணியில ஏறுறவள் காலில கல்லைக் கட்டிக்கொண்டு ஏறுறாய்," என்றார். நீர் என்பது நீயாகிவிட்டது. "உனக்கும் அந்த வெள்ளைச்சிக்கும் என்ன உறவு? நான் ஆர் உனக்கு?"

"நீங்கள் இல்லாட்டி நாங்கள் இஞ்ச இல்லைப் பெரியத்தான். அதை நான் மறக்கேல்லை," என்றாள் தவமலர். "நீங்கள் அவையின்ர உழைப்பையும் எங்கட உழைப்பையும் ஒப்பிட்டுப் பாக்கிறியள். உழைப்பில குறைச்சல் இல்லை, நான் பக்கத்தில நிண்டு பாத்தனான். கூட்டிக்கொண்டு போய்க் கதிரையில இருத்த ஆள் இல்லை, அதுதான் குறை. எனக்கு வேலை பழக்கின மொரீனை நிப்பாட்டிப்போட்டுத்தான் நான் ஏறோணுமெண்டால் எனக்கு உந்த ஏணி வேண்டாம்."

அவர் எழும்பி உள்ளே போய்விட்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது தவமலர் அழுதாள். தகப்பன் ஸ்தானத்தில் இருந்த மனிதர். மறுநாள் சிவானந்தன் ஷிப்ட் முடிந்து நேரே கடைக்குப் போய், புயலில் உடைந்து புதிதாகப் போட்ட கண்ணாடிச் சட்டத்துக்குப் பச்சைப் பெயின்ற் பூசத் தொடங்கினான். டெரி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வைகாசியில் பால் காய்ச்சிக் கடையைத் திறந்தார்கள். பெரியத்தான் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஆனி, ஆடி என்று ஞாயிற்றுக்கிழமைகள் அவர் இல்லாமலே போயின. அந்த வருடம் சனத்தின் கையில் காசு புழங்கவில்லை. சுற்றிலும் கடைகள் பூட்டுப்பட்டன. மொரீனும் தவமலரும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். மொரீன் விடிய வந்து அடுப்பை மூட்டினாள். தவமலர் மத்தியானத்துக்குச் சோறும் பருப்பும் கோழிக்கறியும் போடத் தொடங்கினாள். முதலில் தமிழ்ப் பையன்கள் வந்தார்கள். பிறகு சாரதிகள் எட்டிப் பார்த்து, காரத்தில் மூக்கு வழிய வழியச் சாப்பிட்டுப் பழகினார்கள்.

புரட்டாதிச் சனிக்கிழமை ஒன்றில், கடை நிறைந்திருந்த நேரம், கோட்டும் கழுத்துப் பட்டியுமாகப் பத்மநாதன் கதவைத் திறந்துகொண்டு வந்தார். தவமலர் அடுப்பை விட்டு வந்தாள். வாங்கோ என்று மட்டும் சொல்லி ஜன்னலோர மேசையைத் துடைத்து இருத்தினாள். சனிக்கிழமை அவர் சைவம். அடுப்புத் தட்டை ஒரு பக்கம் தேய்த்துக் கழுவி, தக்காளியும் காளானும் வதக்கி, பாணை வெண்ணெயில் வாட்டி வைத்தாள். மொரீன் தேநீர் கொண்டுபோய் வைத்தாள். அவர் ஆற அமரச் சாப்பிட்டார். கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்தார், வரிசையில் நிற்கிற ஆட்களைப் பார்த்தார், ஓடி ஓடித் தட்டு எடுக்கிற மொரீனைப் பார்த்தார். நல்லாத்தான் நடக்குது போல என்றார்.

பிறகு எழும்பி, கோட்டின் உள்பைக்குள் கையை விட்டார்.

எங்கள் ஆட்களுக்கு இது தெரிந்த விஷயம். சொந்தக்காரர் கடையில் சாப்பிட்டால் கையைப் பைக்குள் விட வேண்டும். கடைக்காரர் பதறிப்போய், என்ன இது, நாங்கள் பிறத்தி ஆட்களோ என்று அந்தக் கையைப் பிடித்துத் தள்ள வேண்டும். அத்தோடு இரண்டு பக்கத்துக்கும் மனம் நிறைந்துவிடும். பத்மநாதனின் கை அதற்கு இடம் கொடுத்து மெல்ல மெல்லத்தான் போயிற்று. சமாதானத்துக்கு வந்த கை அது. தட்டுத் துடைத்துக்கொண்டிருந்த சிவானந்தன், அண்ணை விடுங்கோ என்று சொல்லிக்கொண்டு பாதி தூரம் வந்துவிட்டான். தவமலர் அவனைக் கையால் மறித்தாள்.

"பெரியத்தான், நாளைக்கு வீட்டை வாங்கோ," என்றாள். "புட்டவிச்சு மீன்குழம்பு வைக்கிறன். அங்க காசெண்ட கதையே இல்லை. இஞ்ச பாதி மொரீன்ர."

பத்மநாதன் மொரீனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கை பையிலிருந்து காசோடு வெளியே வந்தது. மொரீன் அதை வாங்கிக் கல்லாவில் போட்டு, மிச்சக் காசை அவருடைய உள்ளங்கையில் வைத்தாள்.